தோல் அட்டைக்குள் இருப்பது எந்தப் புத்தகம்?

பழைய வரலாற்று நூல்களுக்குத் தோல் அட்டை போட்டு, முதுகில் பொன்னெழுத்து அடித்து, மறுபதிப்பாக விற்பது இன்று ஒரு தனி வியாபாரம். பெரும்பாலும் தில்லிப் பக்கம் நடக்கிறது. இணையத்தில் ஓடர் வந்த பிறகுதான் ஒரு பிரதியை அச்சடித்து, கட்டி, தபாலில் போடுகிறார்கள். கையிருப்பு என்று எதுவும் கிடையாது. அதனால் எவ்வளவு அரிய நூலாக இருந்தாலும் "ஸ்டொக் முடிந்துவிட்டது" என்ற பதில் வராது.

மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவில் இருந்துகொண்டு இலங்கையின் பழைய வரலாறு படிக்க ஆசைப்படுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. மாத்தளை ரவுனில் பாடசாலைக் கொப்பியும் கடந்தகால வினாத்தாளும் தாராளமாகக் கிடைக்கும். 1840இல் வந்த புத்தகத்துக்கு எங்கே போவது?

அப்படித் தேடத்தக்க நூல்கள் இந்த மாவட்டத்துக்கென்றே சில உண்டு. முதலாவது மேஜர் ஜொனதன் ஃபோர்ப்ஸ் எழுதிய "இலெவன் இயர்ஸ் இன் சிலோன்". லண்டனில் 1840இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. ஃபோர்ப்ஸ் 78ஆவது ஹைலாண்டர்ஸ் படைக்காரர். மாத்தளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். 1831இல் சிகிரியாவைப் போய்ப் பார்த்து, வெளியுலகத்துக்கு எழுதிச் சொன்னவரும் அவரே. அடுத்தது ஆர்ச்சிபால்ட் லோரியின் மத்திய மாகாண கெசற்றியர். 1896இலும் 1898இலும் கொழும்பு அரசாங்க அச்சகத்தில் இரண்டு தொகுதிகளாக அச்சானது. லோரி கண்டி மாவட்ட நீதிபதி. காணி வழக்குகளுக்குள்ளேயே காலம் கழித்தவர் என்பதால் ஊர், கோயில் காணி, பரம்பரை, சன்னஸ் எனும் அரச காணிப் பட்டயம் என்று ஊர் ஊராக அகரவரிசையில் அடுக்கி வைத்திருக்கிறார். (வலப்பனையை மட்டும் ஏனோ விட்டுவிட்டார். தலைப்பிலேயே அதைச் சொல்லியும் இருக்கிறார். நேர்மையான மனிதர்.)

இவற்றோடு எல்லாரும் தேடும் பெயர்கள்: ரொபட் நொக்ஸ் (1681), ஜோன் டேவி (1821), எமர்சன் டெனன்ற் (1859), பிறகு மகாவம்ச மொழிபெயர்ப்புகள்.

எல்லாமே காப்புரிமைக் காலம் கடந்தவை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரைதான் உரிமை. இந்தியாவில் 60 ஆண்டு. டெனன்ற் இறந்தது 1869இல். ஆகவே யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், சட்டத்தில் குற்றமில்லை. அந்தச் சுதந்திரத்தில்தான் சிக்கலும் வருகிறது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றால் எப்படி வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றும் ஆகிவிடுகிறது.

இந்த மறுபதிப்புகள் உருவாகும் விதம் எளிது. அமெரிக்க, இங்கிலாந்துப் பல்கலைக்கழக நூலகங்களில் இருந்த மூலப் பிரதிகளைப் பதினைந்து இருபது வருடத்துக்கு முன்பு கூகுளும் இன்டர்நெற் ஆர்க்கைவும் பெருமளவில் ஸ்கேன் செய்து இலவசமாக விட்டன. அந்தக் கோப்பை இறக்கி, கறுப்பு வெள்ளையாக்கி, ஒரே அளவுத் தாளில் அடித்துவிட்டால் புத்தகம் தயார். ஸ்கேன் செய்தவர் அவசரத்தில் ஒரு பக்கத்தை வளைத்துப் பிடித்திருந்தால், அந்த வளைவு தோல் அட்டைக்குள்ளும் வரும். சில பக்கங்களில் அவருடைய விரல் நுனியும் வரும். நூலக முத்திரை, யாரோ ஒரு மாணவர் பென்சிலால் போட்ட கோடு, எல்லாம் சேர்த்தே அச்சாகும். விற்பனையாளர்கள் இதை மறைப்பதும் இல்லை. "பழைய நூல் என்பதால் சில பக்கங்கள் மங்கலாகவோ விடுபட்டோ இருக்கலாம்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி போட்டிருப்பார்கள். தோலைப் பற்றிய வரி மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும்.

மிக அதிகமாக அடிபடுவது வரைபடம். நொக்ஸின் 1681 நூலில் இலங்கைத் தீவின் மடிப்புப் படம் ஒன்று உண்டு. விரித்தால் புத்தகத்தை விடப் பெரிதாகும். பழைய நூல்களை வேகமாக ஸ்கேன் செய்தவர்கள் இப்படியான படங்களைப் பல நேரம் விரிக்கவே இல்லை, மடித்தபடியே படம் பிடித்தார்கள். விரித்து எடுத்த ஸ்கேன் கிடைத்தாலும், அதைப் புத்தகப் பக்க அளவுக்குச் சுருக்கி அடிக்கும்போது ஊர்ப்பெயர்கள் எறும்பு வரிசையாகிவிடும். பத்தொன்பது வருடம் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்துவிட்டு, 1679இல் அனுராதபுரக் காட்டு வழியாக அரிப்புக்குத் தப்பிப் போனவரின் நூல் அது. அவர் போன வழியைப் படத்தில் விரல் வைத்துப் பார்க்க முடியாவிட்டால் பாதி சுவை போய்விடுகிறது.

இன்னொரு வகை இன்னும் மோசம். ஸ்கேன் படத்தை அப்படியே அடிக்காமல், கணினி மூலம் எழுத்தாக மாற்றி, புதிதாக வரி கோத்து அடிப்பது. பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். வாசிக்கத் தொடங்கினால்தான் தெரியும். நொக்ஸ் காலத்து ஆங்கில அச்சில் எஸ் எழுத்து நீண்டு, எஃப் போலவே தெரியும். கணினி அதை எஃப் என்றே எடுத்துக்கொள்ளும். பக்கத்துக்குப் பக்கம் அப்படி இருந்தால் அது நொக்ஸ் எழுதிய ஆங்கிலமும் இல்லை, வேறு யாருடையதும் இல்லை. அடிக்குறிப்புகள் வரிகளுக்கு நடுவே புகுந்துவிடும். கெசற்றியர் மாதிரி ஊர்ப்பெயரே உயிராக உள்ள நூலில் இது நடந்தால் வாங்கிப் பயனில்லை. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது மூலப் பக்கத்தின் நேர்ப்படியா, புதிதாகக் கோத்ததா? நேர்ப்படி என்றால் உள் பக்கங்கள் இரண்டின் படத்தையும், வரைபடம் உள்ள பக்கத்தின் படத்தையும் அனுப்பச் சொல்லலாம். ஒழுங்கான விற்பனையாளர் அனுப்புவார்.

அடுத்த கேள்வி, எந்தப் பதிப்பு?

"மகாவம்சம், ஆங்கிலம், தோல் அட்டை" என்று மட்டும் போட்டிருந்தால் அது குறைந்தது மூன்று நூல்களில் ஒன்றாக இருக்கலாம். ஜோர்ஜ் டர்னர் 1837இல் வெளியிட்டது ஒன்று. அதன் தொடர்ச்சியான பிற்பகுதியை எல்.சி. விஜேசிங்க மொழிபெயர்க்க, 1889இல் வந்தது இன்னொன்று. வில்ஹெல்ம் கைகர் பதிப்பித்து, மேபல் போடின் துணையோடு 1912இல் ஆங்கிலமாக வந்தது மூன்றாவது. ஆய்வாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது கைகரை. டர்னருக்கு முன்னோடி என்ற பெருமை உண்டு, ஆனால் அவருக்குப் பிறகு பாளி ஆய்வு வெகுதூரம் வந்துவிட்டது. டெனன்ற் விஷயமும் அப்படித்தான். 1859இல் முதல் பதிப்பு, 1860க்குள் ஐந்தாம் பதிப்பு, இடையிடையே திருத்தங்கள். மறுபதிப்புக்காரர் எந்த ஸ்கேன் கையில் அகப்பட்டதோ அதை அடிப்பார். தலைப்புப் பக்கத்தைப் பார்க்காமல் காசு கட்டக்கூடாது.

நொக்ஸ் கதை இதில் தனி. நூல் வெளிவந்த பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. தன் பிரதிகளில் வெற்றுத்தாள் இடையிட்டுக் கட்டி, ஞாபகம் வர வர எழுதிச் சேர்த்துக்கொண்டே போனார். அந்தச் சேர்க்கைகளை எல்லாம் இணைத்து ஜே.எச்.ஓ. பவுலஸ் பதிப்பித்த இரண்டு தொகுதிகளை தெஹிவளை திசர பிரகாசகயோ 1989இல் வெளியிட்டது. அது காப்புரிமை உள்ள பதிப்பு. தோல் அட்டைக்காரர்கள் கைவைக்க முடியாது. அவர்கள் தருவது 1681ஆம் ஆண்டு நொக்ஸ். பிற்காலத்து நொக்ஸ் எழுதிச் சேர்த்தது எதுவும் அதில் இல்லை. விலை கூடிய புத்தகத்தில் விஷயம் குறைவு.

இரண்டு தொகுதி நூல்களில் ஒரு தொகுதியை மட்டும் முழு நூல் போல விற்பதும் உண்டு. ஃபோர்ப்ஸ், லோரி, டெனன்ற் மூவருமே இரட்டைத் தொகுதிக்காரர்கள். பக்க எண்ணிக்கையைக் கேட்டு மூலத்தோடு ஒப்பிட்டால் இது உடனே வெளியே வந்துவிடும்.

சரி, இனி அந்தத் தோல்.

பழைய நூல் என்றால் தோல் அட்டைதான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை கொஞ்சம் வேறு. நொக்ஸ் காலத்தில் லண்டன் புத்தக வியாபாரிகள் பல நூல்களைக் கட்டாமலோ எளிய கட்டிலோ விற்பார்கள். வாங்கியவர் தன் வசதிக்கேற்பக் கட்டுநரிடம் கொடுத்துத் தோல் போட்டுக்கொள்வார். 1820களில் பதிப்பகங்களே துணி அட்டை போடத் தொடங்கின. ஃபோர்ப்ஸும் டெனன்றும் வெளிவந்தபோது துணி அட்டைதான் சந்தையில் வழக்கம். ஆக, தோல் போட்ட டெனன்ற் மறுபதிப்பு எந்தப் பழைய தோற்றத்தையும் திருப்பித் தரவில்லை. இப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கு நாம் கற்பனை செய்யும் ஒரு பழமையை அது விற்கிறது.

இந்த மண்ணின் பழைய புத்தகக் கட்டுக்கோ தோலோடு சம்பந்தமே இல்லை. மாத்தளை அலுவிகாரையில், வட்டகாமணி அபயன் காலத்தில், கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், திரிபிடகத்தை முதன்முதல் எழுத்தில் பதித்ததாக மரபு சொல்கிறது. தாளிப்பனை ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, கரியும் தும்மல எனும் பிசின் எண்ணெயும் சேர்த்துத் துடைத்தால் எழுத்து கறுத்து எழும். மேலும் கீழும் மரப்பலகை, துளையில் கயிறு. பலகைக்கு வர்ணம் தீட்டுவார்கள். அலுவிகாரைக்குப் போனால் இந்த எழுதும் வேலையை இன்றும் செய்து காட்டுகிறார்கள். அங்கிருந்த சுவடிகள் 1848 மாத்தளைக் கிளர்ச்சியை அடக்கியபோது அழிந்தன.

கைவேலை என்று வந்தால், இந்த மாவட்டத்து ஹபுவிட கிராமத்து அரக்கு வேலையும் பெயர்பெற்றது. அரக்கை இளக்கி, மெல்லிய நூலாக இழுத்து, விரல் நகத்தால் பதித்துக் கோலம் போடுவார்கள். ஆனந்த குமாரசுவாமி இதையெல்லாம் "மெடீவல் சிங்களீஸ் ஆர்ட்" நூலில் பதிவு செய்தார். (அந்த நூலே ஒரு கைவினைப் பொருள். வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்தில், 1908இல் முடிந்த அச்சு, 425 பிரதி மட்டும்.) இதன் மறுபதிப்பை வாங்குகிறவர் பார்க்க வேண்டியது படத்தட்டுகள் எவ்வளவு தெளிவாக வந்திருக்கின்றன என்பதை. 1956இல் நியூயோர்க் பாந்தியன் வெளியிட்ட பதிப்பின் பழைய பிரதி கிடைத்தால், தோல் அட்டை ஜெரொக்ஸை விட அதற்கே முன்னுரிமை.

விளம்பரத்தில் "தோல் அட்டை" என்று இருந்தாலும் முழுத்தோல், அரைத்தோல், கால்தோல் என்று வித்தியாசம் உண்டு. அரைத்தோலில் முதுகும் மூலைகளும் மட்டும் தோல், நடுவில் துணியோ தாளோ. கால்தோலில் முதுகு மட்டும். தில்லி மறுபதிப்புகளில் கூடுதலாக வருவது முதுகும் மூலையும்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல கட்டுமுறை. எந்தத் தோல் என்பதுதான் கேள்வி.

ஆட்டுத்தோல் உறுதியானது. செம்மறித்தோல் மென்மை, சீக்கிரம் உரியும். தோல் கழிவை அரைத்துப் பசையோடு சேர்த்துத் தகடாக்கி, மேலே பொலியூரித்தேன் பூசி, தோல் ரேகையை அச்சாக அழுத்திய "பொண்டட்" தோலும் உண்டு. அதற்கும் கீழே றெக்சின். வெட்டிய விளிம்பைப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். அசல் தோலின் விளிம்பில் நார் தெரியும். மற்றவற்றில் துணியோ அடுக்கோ தெரியும். ரேகை ஒரே அளவில் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சு.

பொலியூரித்தேனுக்கு ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் ஆகாது. நீராவி அதன் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. பெட்டிக்குள் பத்திரமாக வைத்த சப்பாத்து சில வருடத்தில் தானாகவே பொடிப்பொடியாக உதிர்வதும் இதனால்தான். பொண்டட் தோல் அட்டைக்கும் அதே விதி. முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உரிந்து பக்கத்துப் புத்தகத்தில் ஒட்டும்.

அப்படியானால் அசல் தோல் என்றால் நிம்மதியா? அதுவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டிய தோல் அட்டைகள் பல, தொட்டால் கையில் செம்மண் போல ஒட்டும் நிலைக்கு வந்தன. ஆங்கிலேயக் கட்டுநர்கள் இதற்குச் சிவப்பு அழுகல் என்று பெயர் வைத்தார்கள். லண்டன் சொசைட்டி ஒஃப் ஆர்ட்ஸ் நியமித்த குழு ஆராய்ந்து 1901இல் அறிக்கை கொடுத்தது. பதனிட்ட முறையிலேயே கோளாறு, நிலக்கரி வாயு விளக்கின் புகை அதை இன்னும் முடுக்கிவிட்டது என்பது அதன் சாரம். மிக விரைவில் கெட்ட வகைகளில் ஒன்று இந்தியாவிலிருந்து போன, துர்வார் பட்டையில் பதனிட்ட தோல். துர்வார் வேறொன்றும் இல்லை, நம் ஆவாரை. சிங்களத்தில் ரணவரா, அதன் பூவைத்தான் இங்கே தேநீராக்கிக் குடிக்கிறார்கள். உடம்புக்கு நல்லதென்று பெயரெடுத்த செடி புத்தகத்துக்கு உதவவில்லை. நீண்ட காலம் நின்றது சுமாக் இலையில் பதனிட்ட ஆட்டுத்தோல். இன்றைய மலிவு மறுபதிப்பில் எந்தப் பதனீடு என்று கேட்டால் பதில் கிடைக்காது.

உள் கட்டு இதைவிட முக்கியம். பதினாறு பக்க ஃபாரங்களை மடித்து, நூலால் தைத்துச் சேர்த்த புத்தகம் விரித்து வைத்தால் விரிந்தபடி கிடக்கும். தாள்களின் முதுகை வெட்டி, சூடான பசை பூசி ஒட்டிய புத்தகத்தை அப்படி விரித்தால் நடுவில் வெடிக்கும். ஐந்நூறு பக்க நூலுக்கு ஒட்டுக்கட்டு போட்டு அதன்மேல் தோல் சுற்றினால், தோலுக்கு முன்னால் பக்கங்கள் கழன்று வந்துவிடும். சில விற்பனையாளர்கள் "தையல் கட்டு" என்று தெளிவாகக் குறிப்பிடுகிறார்கள். குறிப்பிடாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். மேல்விளிம்பைப் பார்த்தால் தைத்த கட்டில் ஃபாரங்கள் சிறு சிறு வளைவுகளாகத் தெரியும். ஒட்டுக்கட்டில் ஒரே தட்டை.

பல்லேபொலவில் புத்தகத்துக்கு எதிரி மழைக்காலம். ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நல்ல மழை. காற்றின் ஈரப்பதம் 65, 70 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நிற்கும். பூஞ்சணத்துக்கு அது போதும். துணி அட்டையை விடத் தோல் அட்டையில் அது சீக்கிரம் பிடிக்கும். தோலில் எண்ணெயும் புரதமும் இருப்பதால் அதற்கு அது சாப்பாடு. முதுகின் பொன்னெழுத்துக்கு மேல் சாம்பல் படலமாக வரும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் உள்ளே இறங்கிவிடும். நிழலில் காற்றாட விட்டு, உலர்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் வெளியே தட்டுவதுதான் முறை. வெயிலில் காய வைத்தால் தோல் வெடிக்கும். தேங்காய் எண்ணெய், சப்பாத்துப் பொலிஷ் இரண்டும் வேண்டாம். ஒரு காலத்தில் நூலகங்களே கால்நடைக் குளம்பெண்ணெயும் கம்பளிக் கொழுப்பும் கலந்து பூசின. அது அழுக்கையும் பிசுக்கையும் சேர்க்கிறது என்று கண்டு பாதுகாப்பாளர்கள் இப்போது பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள்.

இறாக்கையைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விட வேண்டும். கண்ணாடி அலுமாரி அழகுதான், ஆனால் மழைக்காலத்தில் மூடியே வைத்தால் அதற்குள்ளே பூஞ்சணப் பண்ணை. வாரம் ஒருமுறை திறந்துவிட வேண்டும்.

இராமபாணத்துக்கும் மற்றப் பூச்சிகளுக்கும் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் ஒரு பழைய கைமருந்து உண்டு. வசம்பு, கருஞ்சீரகம், கறுவாப்பட்டை, மிளகு, கராம்பு ஆகியவற்றை இடித்து, கற்பூரம் சேர்த்து, சின்னச் சீலைப் பொட்டலமாகக் கட்டி நூல்களுக்கு இடையில் வைப்பது. மாத்தளைக்காரருக்கு இதில் பாதிக்கு மேல் வீட்டுத் தோட்டத்திலேயே விளைகிறது. மணம் போனதும் மாற்ற வேண்டும். இது பூச்சியைத்தான் விரட்டும், பூஞ்சணத்தை நிறுத்தாது. பச்சை வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவே வைக்கும் பழக்கம் மட்டும் கூடாது. இலையின் ஈரம் தாளில் கறையாகும்.

இவ்வளவையும் பார்த்தால், மழை ஊர்க்காரருக்குத் தோலை விடத் துணியே உகந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. அதற்கான பதிப்புகளும் இல்லாமல் இல்லை. திசர பிரகாசகயோ டேவியை 1969இலும் டெனன்றை 1977இலும் மறுபதிப்பாக வெளியிட்டது. புதுதில்லி ஏசியன் எஜுகேஷனல் சேர்விசஸ் ஃபோர்ப்ஸ், கைகர், இராசநாயக முதலியாரின் "ஏன்ஷியன்ற் ஜஃப்னா" (1926) போன்றவற்றை நேர்ப்படியாகக் கெட்டி அட்டையில் கொண்டுவந்தது. கொழும்பு டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளிலும், செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியிலும் தேடினால் இவை அகப்படுவதுண்டு.

மூன்றாவது வழி உள்ளூரிலேயே செய்வது. இலவச ஸ்கேனை இறக்கி, மடிப்பு வரைபடம் விரித்த பிரதி எது என்று இரண்டு மூன்று ஸ்கேன்களை ஒப்பிட்டுத் தேர்ந்து, மாத்தளையிலோ கண்டியிலோ அச்சடித்து, தெரிந்த பைண்டரிடம் நூல் தையலும் கலிக்கோ அட்டையும் போடச் சொல்லலாம். வரைபடத்தை மட்டும் பெரிய தாளில் தனியாக அடித்து, பின்னட்டையின் உட்புறம் உறை வைத்துச் செருகலாம். தோலின் பளபளப்பு இராது; படம் வாசிக்க வரும்.

தமிழ் நூல்களுக்குத் தோல் அட்டைச் சந்தை இன்னும் பெரிதாக எட்டிப் பார்க்கவில்லை. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலைக்கு பிரிற்றோ 1879இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இந்த வியாபாரத்துக்குள் வரலாம். குல சபாநாதன் பதிப்பித்த தமிழ் மூலத்தைப் பழைய பிரதியாகத் தேட வேண்டும், இல்லையேல் 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் பார்க்க வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதன் பிறகு ஈழத்துப் பழந்தமிழ் அச்சுகளில் ஒரு நல்ல பிரதி கிடைப்பதே அருமை. பழைய ணை, லை வடிவங்களோடு உள்ள இந்த நூல்களைக் கணினி எழுத்தாக மாற்றி அடித்த பதிப்பு என்று யாராவது விற்றால், நொக்ஸுக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

ஓடர் கொடுப்பதானால் பொதியின் எடையையும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. தோல் போட்ட இரண்டு தொகுதி கனக்கும். தபால் செலவு சில நேரம் புத்தக விலையை எட்டிவிடும். வந்து சேர்ந்ததும் அட்டையைத் தடவி ரசிப்பதற்கு முன் பக்க எண்களை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை புரட்ட வேண்டும். விடுபட்ட பக்கத்துக்கு மாற்றுப் பிரதி தர விற்பனையாளர்கள் பெரும்பாலும் சில நாள் அவகாசம்தான் வைத்திருப்பார்கள்.